பலகையில் இருநூற்று முப்பத்திரண்டு

என் மண்டையோட்டில் இரண்டு துளைகள் இடப்பட்டு இன்றுடன் ஏழு வாரங்கள் ஆகின்றன. நலம் விசாரித்தவர்கள் எல்லோருக்கும் "மூளையில் சிறு ரத்தக்கசிவு, இப்போது சரியாகிவிட்டது" என்று ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லி வந்தேன். அந்த வாக்கியம் பொய்யன்று. ஆனால் யாராவது அதை ஒரு விபத்தறிக்கையாக எழுதி என் மேசைக்கு அனுப்பியிருந்தால், நான் திருப்பி அனுப்பியிருப்பேன். எப்போது நடந்தது, எப்படி நடந்தது, யார் பார்த்தார்கள், அன்றே ஏன் சொல்லவில்லை என்ற கேள்விகள் எதற்கும் அதில் விடை இல்லை. ஆகவே முழுதாக எழுதுகிறேன்.

குவைத்தில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு ஒப்பந்தப் பணி செய்யும் ஒரு நிறுவனத்தில் முப்பத்தோராண்டுகள் பாதுகாப்புத் துறையில் இருந்தேன். கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள் மேலாளராக. அங்கே மங்காஃப் பகுதியில் மனைவி ருக்மணியோடும் மகள் நித்யாவோடும் வசிக்கிறேன். என் பொறுப்பில் இருந்த எந்த சைட்டிலும் பெரிய விபத்து நேர்ந்ததாகப் பதிவில்லை. பதிவில்லை என்ற சொல்லை இன்று கவனமாகவே எழுதுகிறேன்; அந்நாட்களில் "நேர்ந்ததில்லை" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் நிறுவனத்து அமெரிக்கப் பொறியாளர்கள் சிலர் தங்கள் நாட்டுக் கால்பந்து அணி ஒன்றைத் தொடங்கினார்கள். பெயர்தான் கால்பந்து. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும், ஓடுகிறவனை மோதி வீழ்த்துவதுமே ஆட்டம். அதனால் தலைக்குக் கவசம், முகத்துக்குக் கம்பி, தோளுக்குத் திண்டு. ஆள் போதாமல் லெபனான்காரர்களையும் பிலிப்பினோக்களையும் நம்மவர் நால்வரையும் சேர்த்துக்கொண்டார்கள். நம்மவர்களில் சிறந்தவன் கிளின்டன். குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரன், வயது இருபத்தாறு. எங்கள் சைட்டில் சாரம் கட்டுகிறவன். இரும்புக் குழாய்களைத் தோளில் போட்டுக்கொண்டு ஆறு மாடி உயரத்துக்கு ஏறுகிற அந்த உடம்பை மோதி வீழ்த்த எதிரணியில் மூவர் வேண்டும்.

உபகரணப் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். தலைக்கவசத்தைப் பற்றி எனக்குத் தெரியாததா என்ற எண்ணம் எனக்கு இருந்தது. வாரந்தோறும் ஒவ்வொரு கவசத்தையும் கையில் எடுத்து, ஓட்டில் விரிசல் உண்டா, உள்மெத்தை நைந்திருக்கிறதா, தாடைப்பட்டை இழுத்தால் நிற்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திட்டேன். பழைய கவசங்களை நிராகரித்துப் புதியவை வாங்க வைத்ததும் நானே. புதியவை வந்தபின் ஆட்டக்காரர்களிடம் ஒரு மாற்றத்தைக் கண்டேன். முன்பு தோளைக் கொடுத்து மோதியவர்கள் இப்போது தலையைக் குனிந்துகொண்டு பாய்ந்தார்கள். உபகரணத்தின்மீது நம்பிக்கை வந்துவிட்டது என்று நினைத்தேன். அறிக்கையிலும் அப்படியே எழுதினேன்.

அத்துடன் நிற்கவில்லை. எங்கள் சைட்டுகளின் வாயிலில் ஒரு பலகை இருக்கும். கடைசி விபத்து நடந்து எத்தனை நாட்கள் ஆயின என்று அதில் எண் தொங்கும். எண் நூறைத் தொட்டால் பிரியாணி, ஐந்நூறைத் தொட்டால் எல்லோருக்கும் ஆளுக்கொரு பரிசு. ஒருவன் காயம்பட்டால் எண் மீண்டும் பூஜ்யம். இந்த வளைகுடாவில் பெரிய ஒப்பந்தப் பணிகளில் இருப்பவர்களுக்கு அந்தப் பலகையை விளக்க வேண்டியதில்லை. அதேபோல் ஒன்றைச் செய்து, பச்சைச் சட்டம் அடித்து, மைதானத்து ஓரத்தில் நிறுத்தினேன். அணிக்கு இருநூறாவது நாளில் மந்தி என்ற அரபுக் கறிச்சோற்று விருந்து நடந்தது. இருநூற்றைம்பதில் மேற்சட்டை தருவதாக அறிவித்திருந்தேன்.

இருநூற்றுப் பதினோராம் நாள், வெள்ளிக்கிழமைப் பயிற்சி; அணியே இரண்டாகப் பிரிந்து ஆடியது. நான் எல்லைக்கோட்டின் ஓரம், தண்ணீர்க் கேன்கள் வைத்திருந்த இரும்புப் பெஞ்சுக்கு முன்னால், குறிப்பேட்டுடன் நின்றிருந்தேன். பந்தோடு ஓடிவந்த லெபனான்காரன் ஒருவனைக் கிளின்டன் தலை குனிந்து மோதினான். கவசமும் கவசமும் மோதிய ஓசை, கீழே விழுந்த சாரக்குழாயின் ஓசை போல இருந்தது. மோதிய வேகத்தில் இருவரும் உருண்டு என் கால்களில் வந்து விழுந்தார்கள். நான் மல்லாந்து சாய்ந்தேன். என் பின்தலை பெஞ்சின் விளிம்பில் பட்டது.

எழுந்தேன். கால்சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டினேன். தலையைத் தொட்டுப் பார்த்தேன், ரத்தம் இல்லை. கிளின்டன் இன்னும் படுத்திருந்தான். நான் பத்து எண்ணும் நேரம் கழித்து எழுந்தான். எழுந்து நேராக எதிரணியின் பெஞ்சை நோக்கி நடந்தான். பாதி வழியில் யாரோ கூப்பிட்டுத் திருப்பிவிட்டார்கள்.

"ஓகேயா கிளின்டன்?" என்றேன்.

"ஓகே சார். நீங்க?"

"எனக்கென்ன. ஒண்ணுமில்லை."

"அப்ப கலாஸ், தீந்துது சார்," என்று சிரித்தான்.

இருவரின் கண்களும் ஒரே நேரத்தில் பலகையின் பக்கம் போயின. அதை நான் அன்றே கவனித்தேன். கிளின்டனின் கவசத்தை வாங்கிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. கையெழுத்திட்டேன். அடுத்த பயிற்சி நாளில் எண்ணை ஏற்றினேன்.

அதன்பின் மூன்று வாரங்கள். முதல் வாரம் ஒன்றுமில்லை. இரண்டாம் வாரத்தில் காலையில் எழும்போது தலைவலி. ஏ.சி. ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். அருகிலிருந்த கிளினிக்கில் மருத்துவர் "தலையில் ஏதாவது அடிபட்டதா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லி வலிமாத்திரையோடு வந்தேன். இதயத்துக்கென்று நாள்தோறும் ஓர் ஆஸ்பிரின் எடுப்பவன் நான். ரத்தம் உறையாமல் வைக்கும் மருந்து அது. அதையும் தொடர்ந்தேன். மூன்றாம் வாரத்தில் வலது செருப்பு அடிக்கடி கழன்றது. செருப்பை மாற்றினேன். அந்த வார வெள்ளிக்கிழமை மைதானத்தில் எண்ணைத் தொங்கவிடும்போது கொக்கி கைக்கு அகப்படவில்லை. இடது கையால் மாட்டினேன். பலகையில் இருநூற்று முப்பத்திரண்டு. நான் மாட்டிய கடைசி எண் அதுவே.

மறுநாள் சனிக்கிழமைக் காலை, சாப்பாட்டு மேசையில் ருக்மணியிடம் சட்னி கேட்டேன். கேட்டதாக நினைத்தேன்.

"சாவியா? எதுக்குங்க இப்ப சாவி?" என்றாள்.

மீண்டும் சொன்னேன். மீண்டும் சாவி. அவள் சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. மனத்தில் சட்னி என்ற சொல் தெளிவாக நின்றுகொண்டிருக்க, வாய் வேறொன்றைச் சொன்னது. காபித் தம்ளரை எடுக்கப் போனேன். அது கையிலிருந்து நழுவி மேசையில் கவிழ்ந்தது. நித்யா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பா, ஸ்மைல் பண்ணுங்க."

"எதுக்கு?"

"சும்மா பண்ணுங்கப்பா." பார்த்தாள். உடனே எழுந்து வண்டிச் சாவியை எடுத்தாள். "அம்மா, ஒரு சைடுதான் சிரிக்குது. கிளம்பு."

பக்கவாதம் என்று மூவரும் நினைத்தோம். அவசரப் பிரிவில் இருந்த மருத்துவரும் அப்படித்தான் தொடங்கினார். கையைத் தூக்கச் சொன்னார், விரலால் மூக்கைத் தொடச் சொன்னார். பிறகு ஆங்கிலத்தில், அண்மையில் விழுந்தீர்களா, தலையில் அடி உண்டா என்று கேட்டார். வாய் குழறினாலும் அந்த ஒரு சொல் மட்டும் தெளிவாக வந்தது: இல்லை.

ருக்மணி உதவிக்கு வந்தாள். "நோ டாக்டர். ஹீ இஸ் சேஃப்டி மேனேஜர்."

அவர் தலையசைத்து எழுதிக்கொண்டார். பக்கவாதம் என்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவதுண்டு, ஆனால் ஸ்கேன் எடுக்காமல் போடமாட்டோம் என்றார். அந்த விதி இருப்பதால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். உள்ளே ரத்தம் கசிந்திருப்பவனுக்கு அந்த ஊசியைப் போட்டால் கசிவு பெருக்கெடுக்கும். நான் சொன்ன ஒரு சொல்லை மட்டும் அவர் நம்பியிருந்தால் போதும்.

ஸ்கேன் அறையில் குளிர் அதிகம். வளையத்துக்குள் தலை போகும் முன் தொழில்நுட்பர் "பாபாஜி, ஹிலோ மத்" என்றார். பெரியவரே, பாபாஜி என்றெல்லாம் என்னை அதுவரை யாரும் அழைத்ததில்லை. அசையாமல் கிடந்தேன்.

அரை மணி நேரத்தில் அறுவை மருத்துவர் வந்தார். எகிப்தியர், நரைத்த மீசை, நிதானமான குரல். கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். மண்டையோட்டின் உட்புறம் இடது பக்கத்தில், பிறை வடிவில் ஒரு கறுத்த பகுதி. அது மூளையை வலப்பக்கமாகத் தள்ளியிருந்தது. நடுக்கோடு நேராக இருக்க வேண்டும், பாருங்கள், வளைந்திருக்கிறது என்றார்.

மூளைக்கும் அதன் மேலுறைக்கும் இடையே மெல்லிய ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. தலையில் அடி விழும்போது மூளை உள்ளே ஆடுகிறது. அந்தக் குழாய் ஒன்று கிழிந்தால் ரத்தம் சொட்டுச் சொட்டாகக் கசியும். என் வயதில் மூளை சற்றுச் சுருங்கி இடம் இருப்பதால், வாரக்கணக்கில் எதுவும் தெரியாமல் சேரும். இடம் தீர்ந்ததும் அழுத்தத் தொடங்கும். அவர் சொன்னது இவ்வளவுதான். பிறகு விரலை அந்தக் கறுத்த பிறையின்மேல் வைத்தார்.

"புது ரத்தம் படத்தில் வெள்ளையாகத் தெரியும். நாளாக நாளாகக் கறுக்கும். இது மூன்று வாரத்து ரத்தம்." என்னைப் பார்த்தார். "மூன்று வாரங்களுக்கு முன் என்ன நடந்தது, மிஸ்டர்?"

நான் ஆயிரக்கணக்கான பதிவேடுகளைச் சரிபார்த்தவன். தேதி மாற்றி எழுதியவர்களைக் கண்டுபிடித்தவன். என் தலைக்குள்ளேயே ஒரு பதிவேடு நாள் தவறாமல் எழுதிக்கொண்டிருந்தது என்பதை அப்போது அறிந்தேன். மெல்ல, சொற்கள் இடறி, பெஞ்சைப் பற்றிச் சொன்னேன்.

முதலில் நித்யாதான் பேசினாள். "அப்பா, ஆர் யூ சீரியஸ்? கிளினிக்ல கேட்டாங்களே. நான் பக்கத்துலதான இருந்தேன்."

"பலகையில..." என்று தொடங்கினேன்.

"என்ன பலகை?" என்றாள் ருக்மணி. கேட்டதுமே அவளுக்கு விளங்கிவிட்டது. "மண்டை பெருசா, பலகை பெருசா உங்களுக்கு?"

ஆஸ்பிரினின் வேலையை முறிக்க ரத்தத் தட்டணுக்களை ஏற்றி, மறுநாள் காலை அறுவை என்று முடிவாயிற்று. தலையின் இடது பாதியை மழித்தது சிஸ்டர் ஜெசிந்தா. தூத்துக்குடிக்காரர், ஐம்பது வயதிருக்கும், பேசிக்கொண்டே வேலை செய்கிறவர். மழித்த இடத்தில் ருக்மணி திருநீறு பூசிவிட்டாள்.

"அம்மா, தியேட்டருக்குள்ள இது ஆவாது," என்று சிஸ்டர் மருந்துப் பஞ்சால் துடைத்தார். ருக்மணியின் முகம் மாறியதைக் கண்டிருக்க வேண்டும். "அந்தப் பொட்டலத்த இங்கன தாங்க. சார் வெளிய வந்ததும் காதுக்குப் பின்னால வச்சுவிடுதேன். கட்டுக்கு வெளிய இருந்தா ஒண்ணும் செய்யாது."

துளை போடும் கருவியின் ஓசையை நான் கேட்கவில்லை, மயக்கத்தில் இருந்தேன். கண் விழித்தபோது தலையிலிருந்து ஒரு மெல்லிய குழாய் இறங்கி, படுக்கையின் பக்கத்தில் தொங்கிய பைக்குப் போயிற்று. பையில் இருந்தது எஞ்சின் எண்ணெய் நிறத்துத் திரவம். என் ரத்தம் அந்த நிறத்தில் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. இரண்டு நாட்கள் தலையணையின்றி மல்லாந்து கிடக்க வேண்டும். ஒவ்வொரு மணிக்கும் ஜெசிந்தாவோ வேறொருவரோ வந்து கண்ணில் டார்ச் அடித்து, கையை அழுத்தச் சொல்லி, கேள்விகள் கேட்டார்கள்.

"சார், இது என்ன எடம்?"

"மருத்துவமனை."

"என்ன கிழம?"

"திங்கள்."

"இது என்ன?" பேனாவைக் காட்டினார்.

பேனா என்ற சொல் அன்று காலையில்தான் எனக்குத் திரும்பி வந்தது. அதைச் சொன்னபோது என் கண்கள் நிறைந்ததை அவர் காணாதவர்போல டார்ச்சை அணைத்தார். காதின் பின்புறம் விரலை வைத்துப் பார்த்தேன். திருநீறு இருந்தது.

நித்யா அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டு, மல்லாந்து கிடந்த என் வாயில் ரசஞ்சோற்றைக் கரண்டியால் ஊட்டினாள். ருக்மணி காலைப் பிடித்துவிட்டாள். இருவரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. அந்தச் சொல் மட்டும் அறுவைக்கு முன்பும் என்னிடம் சரளமாக இருந்ததில்லை.

செவ்வாயன்று குழாயை எடுத்தார்கள். புதன்கிழமை பிற்பகலில் கிளின்டன் வந்தான். கையில் சாத்துக்குடிப் பை, கண்ணில் கறுப்புக் கண்ணாடி.

"யாருப்பா இது, வார்டுக்குள்ள கூலிங் கிளாஸ் போட்டுட்டு? ஷூட்டிங்கா?" என்றார் ஜெசிந்தா.

"கண்ணு கூசுது சிஸ்டர். வெயில்ல நிண்ண வேல." என் பக்கம் திரும்பினான். "எத்தன தையல் சார்?"

"பதினான்கு."

"யம்மா." நாற்காலியில் உட்கார்ந்தான். வெள்ளிக்கிழமை இறுதியாட்டம் என்றான். எதிரணியில் துபாயிலிருந்து ஆள் இறக்கியிருக்கிறார்களாம். வரட்டும், இவன் பார்த்துக்கொள்வானாம். நித்யா கொடுத்த டீயைக் குடித்தான். "எத்தன தையல் சார்?" என்றான்.

சொன்னேன். சாத்துக்குடியைப் பிழிந்து குடிக்க வேண்டும், சும்மா தின்னக் கூடாது என்றான். ஊரில் அவனுடைய அம்மை எனக்காக மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறாள் என்றான். பிறகு மீண்டும் என் தலைக்கட்டைப் பார்த்தான்.

"எத்தன தையல் சார்?"

நித்யாவும் ஜெசிந்தாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் எதிரணியின் பெஞ்சை நோக்கி நடந்த நடை என் கண்முன் வந்தது. என் தலைக்குள் இருந்த ரத்தத்தை நினைத்துக்கொண்டு ஐந்து நாட்கள் கிடந்தவன், அன்று என் காலடியில் கிடந்த இன்னொரு தலையை ஒருமுறைகூட நினைக்கவில்லை.

"கிளின்டன், அன்னைக்கு மோதினதுக்கப்புறம் உனக்குத் தலைவலி இருக்கா?"

"இல்ல சார்."

"சாரத்துல ஏறும்போது?"

"என்ன ஏறும்போது?"

"சுத்துதா?"

பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தான். "கொஞ்சம். குனிஞ்சா கொஞ்சம். தலைவேதன எல்லாருக்கும் உள்ளதுதானே சார்."

"ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லலேல்லா." குரல் உயரவில்லை. "உங்களுக்க மண்ட பெஞ்சுல டம்முண்ணு அடிச்சது எனக்குக் கேட்டுது சார். நீங்க எந்திச்சு பேன்ட்டத் தட்டுனீங்க. ஒண்ணுமில்லேண்ணீங்க. சேஃப்டி மேனேஜரே ஒண்ணுமில்லேண்ணா, நான் எப்டி உண்டும்ணு சொல்ல? இருநூத்தி பதினொண்ணு நாளு. நான் வாயத் தொறந்தா பயலுவ என்னய விடுவானுவளா?"

ஜெசிந்தா அவனுடைய கண்ணாடியைத் தானே கழற்றினார். டார்ச் ஒளி பட்டதும் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார். டிசம்பர், நவம்பர், அக்டோபர் என்று தொடங்கி, மீண்டும் நவம்பருக்குப் போய் நின்றான்.

அறுவை மருத்துவரை அழைத்தார்கள். எங்களுக்காக மீண்டும் ஒருமுறை விளக்கினார். தலைக்கவசம் மண்டையோடு உடையாமல் காக்கும். உள்ளே மூளை ஆடுவதை அதனால் நிறுத்த முடியாது. நித்யா கையிலிருந்த டிபன்பாக்ஸை வாங்கிக் குலுக்கினார். உள்ளே மிஞ்சியிருந்த சோறு ஓரத்தில் மோதியது. பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, பாருங்கள் என்றார். முதல் அதிர்ச்சி ஆறும் முன் இரண்டாவது அடி விழுந்தால், அது சிறிய அடியாக இருந்தாலும், மூளை வீங்கலாம். சில நிமிடங்களில் ஆள் போய்விடலாம். ஆட்டம் கூடாது, உயரத்தில் வேலை கூடவே கூடாது.

நான் பெட்டியை மட்டுமே வாரந்தோறும் சோதித்துக் கையெழுத்திட்டிருக்கிறேன்.

ஸ்கேனுக்கு அழைத்துப் போகும் முன் கிளின்டன் என் படுக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "சார், டாக்டர் சொன்னத கேக்கேன். வெள்ளிக்கிழம ஆடல. ஆனா ரிப்போர்ட்டுல எனக்க பேரு வேண்டாம். தல சுத்துதுண்ணு எழுதினா சாரத்துல ஏத்த மாட்டாவ. ஏறாத ஸ்கேஃபோல்டர வச்சு கம்பெனி என்ன செய்யும்? டிக்கெட் போட்டு அனுப்பும். தங்கச்சிக்கு வைகாசியில கல்யாணம்."

"ஆடலேன்னா என்ன காரணம் சொல்லுவ?"

"காய்ச்சல்ணு சொல்லுவேன்."

"சனிக்கிழமை டூட்டிக்கு?"

சனிக்கிழமை அவன் ஆறாம் மாடியில் இருப்பான். எங்கள் இருவருக்கும் அது தெரியும். வருடங்களுக்கு முன் ஒரு வெல்டர், உடைந்த விரலைக் கையுறைக்குள் நான்கு நாட்கள் மறைத்துவைத்து, சைட்டின் எண் ஐந்நூறைத் தொட்டபின் மருத்துவமனைக்குப் போனான். அதைக் கட்டுப்பாடு என்று நான் வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

அன்று மாலை விபத்தறிக்கைப் படிவத்தைக் கொண்டுவரச் சொன்னேன். நித்யா டைப் செய்து தருவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றேன். வலது கை இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. எழுத்துகள் வரியை விட்டு இறங்கின. பாதிக்கப்பட்டவர்கள்: இருவர். என் பெயர், கிளின்டன் பெயர். நேரில் கண்டவர்: நான். கடைசிக் கட்டத்தில், அன்றே தெரிவிக்காததன் காரணம் என்று இருந்தது. அந்தக் கட்டத்தை வடிவமைத்தவன் நானே. வெகுநேரம் பார்த்தபின் எழுதினேன்: "பாதுகாப்பு மேலாளர் மறைத்தார். அவரைப் பார்த்து மற்றவரும் மறைத்தார்." அதன்கீழ், கிளின்டனைத் தரைமட்ட வேலைக்கு மாற்ற வேண்டும், குற்றம் அவனுடையதன்று என்று சேர்த்தேன்.

ருக்மணி வாசித்துப் பார்த்தாள். "அடுத்த மாசம் ரிட்டயர்மென்ட்," என்றாள்.

"தெரியும்."

"மேடையில மாலை போடுவாங்கன்னு கோட் தைக்கக் குடுத்தீங்க."

"தெரியும், ருக்கு."

படிவத்தை மடித்து நித்யாவிடம் கொடுத்தாள். "அனுப்புடி."

சைட் மேலாளர் அரை மணியில் அழைத்தார். "சார், நீங்க இப்ப ரெஸ்ட் எடுக்கணும். இத இப்பவே அனுப்பணுமா? ஃபேர்வெல் முடியட்டுமே." அனுப்பிவிட்டேன் என்றேன். அவர் ஃபோனை வைத்துவிட்டார்.

கிளின்டனின் ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. மூளை அதிர்ச்சி, ஆறு வாரம் ஓய்வு, அதன்பின் மறுசோதனை என்றார்கள். மறுநாள் வந்து கதவருகே நின்றான். உட்காரவில்லை. "உங்களுக்க பேர எழுதுனீங்க, சரி. எனக்க பேர எதுக்கு சார் எழுதுனீங்க?" என்று கேட்டான். விடை சொல்ல என்னிடம் சொற்கள் இருந்தன; அவை திரும்பி வந்துவிட்டிருந்தன. ஆனால் அவன் நின்ற நிற்பைப் பார்த்துச் சொல்லவில்லை. அவனை ஊருக்கு அனுப்பவில்லை, ஸ்டோரில் உட்கார்த்திவைத்தார்கள். ஓவர்டைம் போயிற்று. வெள்ளிக்கிழமை அணி படுதோல்வி அடைந்தது. என் பிரிவுபசார விழா, நிர்வாகக் காரணங்களால், ஒரு தேநீர் விருந்தாகச் சுருங்கியது. கோட் அலமாரியில் இருக்கிறது.

சென்ற வெள்ளிக்கிழமை, அறுவைக்குப் பின் முதன்முறையாக, நித்யா என்னை மைதானத்துக்கு அழைத்துப் போனாள். தலையில் முடி பாதி வளர்ந்திருந்தது, தொப்பி போட்டுக்கொண்டேன். பலகை அங்கேயே நின்றது. இருநூற்று முப்பத்திரண்டு. எனக்குப் பின் யாரும் எண்ணை மாற்றவில்லை, இறக்கவும் இல்லை. பெரியவர் வந்து செய்யட்டும் என்று விட்டிருந்தார்கள் போலும்.

மூன்று எண்களையும் கொக்கியிலிருந்து எடுத்தேன். பயிற்சி நின்றுவிட்டது, எல்லோரும் கவசங்களைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றி வந்தார்கள். எழுதிவைத்திருந்த சிறு உரை ஒன்று சட்டைப்பையில் இருந்தது. அதை எடுக்கும் முன் ரோமல் என்ற பிலிப்பினோ இடது கையை நீட்டினான். சுண்டுவிரல் பக்கவாட்டில் வளைந்திருந்தது.

"திஸ் ஒன் ஆல்சோ, சார்," என்றான். "டே நயன்டி."

தொண்ணூறாம் நாள். அந்த வாரம் நூறாவது நாளுக்கான பிரியாணிக்கு நான் ஆர்டர் கொடுத்திருந்தேன்.

லெபனான்காரன், கிளின்டன் மோதியவன், சட்டையைத் தூக்கி விலாவைக் காட்டினான். மூச்சு இழுத்தால் இன்னும் குத்துகிறது என்றான். இன்னொருவனுக்குக் காதில் ஓயாத இரைச்சல். அணித் தலைவரான அமெரிக்கருக்கு, சென்ற குளிர்காலத்தில், ஓர் ஆட்டத்தின் இரண்டாம் பாதி முழுவதும் நினைவில் இல்லை. ஒருவன் சொல்லி முடிக்கக் காத்திருந்ததுபோல அடுத்தவன் தொடங்கினான். அதே இரும்புப் பெஞ்சில் உட்கார்ந்தேன். நித்யா பலகையைக் கழற்றித் திருப்பி என் மடியில் வைத்து, கையில் மார்க்கரைக் கொடுத்தாள். பின்பக்கத்தில் பெயர், நாள், எங்கே அடி என்று எழுதத் தொடங்கினேன். முதலில் பெரிய எழுத்தில். பிறகு சிறிதாக்கினேன். பிறகு ஓரங்களில் எழுதினேன்.

ஸ்டோர் சீருடையில் கிளின்டன் வந்து நின்றது தெரியவில்லை. மருத்துவமனையில் கதவருகே நின்று கேட்டுப்போனபின் முதன்முறையாக என்னிடம் பேசினான். அந்த ஒரு மோதல் மட்டுமன்று, அதற்கு முன் இரண்டு தடவை என்றான். இரண்டுக்கும் நாள் சொன்னான். எழுதப் பார்த்தேன். பின்பக்கத்தில் இடம் இல்லை.

அவன் குனியாமல், முழங்காலிட்டு உட்கார்ந்து, பலகையை என் மடியிலேயே முன்பக்கமாகத் திருப்பினான். வெறும் கொக்கிகள் மூன்றும் மேலே பார்த்தன.

"இங்க எழுதுங்க சார்," என்றான். "இங்க ஒருபாடு எடம் கெடக்கு."